அந்த 4.3 எங்கே இருக்கிறது?

புத்தகம் விற்கும் இணையதளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். நாவலின் அட்டைப்படம், விலை, அதற்குக் கீழே நட்சத்திர வரிசை, பக்கத்தில் 4.3 என்று ஓர் எண். அட்டைப்படம் சர்வரில் ஒரு கோப்பாக இருக்கிறது. விலையை யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். 4.3-ஐ மட்டும் யாரும் எழுதவில்லை. ஒழுங்காகக் கட்டப்பட்ட சின்னத் தளம் என்றால், அதன் தரவுத்தளத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தாலும் அந்த எண் அகப்படாது. நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியில் அது பிறந்தது. உங்கள் திரைக்கு அனுப்பிய கையோடு சர்வர் அதை மறந்துவிட்டது. அடுத்தவர் திறக்கும்போது மறுபடியும் பிறக்கும்.

சராசரி என்பது பள்ளிக்கூடத்துக் கணக்குதான். எல்லாவற்றையும் கூட்டு, எண்ணிக்கையால் வகு. ஆனால் ஓர் இணையதளத்துக்குள் இந்தக் கணக்கு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், எதை 'ஒன்று' என்று எண்ணினோம் என்பதில் அனுபவசாலி நிரலர்களே சறுக்குவது தெரியும். வகுத்தலில் யாரும் சறுக்குவதில்லை.

எண்ணை ஏன் எழுதி வைக்கவில்லை என்பதற்கு விடை 1970-இல் இருக்கிறது. எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தவர். பிறகு அமெரிக்கா போய் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து அந்த ஆண்டு ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம். அதுவரை தகவலைத் தேடும் நிரல், அது எந்தக் கிளையில், எந்தப் பொந்தில் கிடக்கிறது என்று வழி தெரிந்து போகவேண்டியிருந்தது. வழியை மாற்றினால் நிரல் தொலைந்துபோகும். காட் சொன்னது எளிய யோசனை. எல்லாவற்றையும் அட்டவணைகளாக வையுங்கள். புத்தகங்களுக்கு ஓர் அட்டவணை, வாசகர் மதிப்பீடுகளுக்கு இன்னொன்று. மதிப்பீட்டு வரி ஒவ்வொன்றிலும் அது எந்தப் புத்தகத்தைப் பற்றியது என்று அந்தப் புத்தகத்தின் எண்ணைக் குறித்துவிடுங்கள். இரண்டு அட்டவணைகளுக்கும் இடையிலான உறவு அவ்வளவுதான்.

இதன் கூடவே ஓர் ஒழுக்கமும் வந்தது: ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது. சராசரியைப் புத்தக வரியிலேயே எழுதி வைத்தால், புதிதாக ஒருவர் நட்சத்திரம் போடும்போதெல்லாம் அதைத் திருத்தவேண்டும். ஒருமுறை மறந்தால் போதும். தரவுத்தளத்தில் இரண்டு உண்மைகள் நிற்கும். கணக்கிட்டு எடுக்க முடிந்ததை எழுதி வைக்காதே என்பது அதிலிருந்து வந்த நடைமுறை. 1974-இல் அதே ஐபிஎம்மைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை வகுத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். பாய்ஸ் அதே ஆண்டு, மிக இளம் வயதில், இறந்துபோனார். என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இயந்திரத்தின் பாடு என்பதுதான் அந்த மொழியின் அழகு. சராசரி கேட்க அதில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று உண்டு: ஏவிஜி.

இணையதளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எஸ்க்யூஎல்லை நேரடியாக எழுதுவதில்லை. நடுவில் ஒரு சட்டகம் உட்கார்ந்திருக்கிறது, ஃபிரேம்வொர்க் என்பார்கள். ரூபி உலகில் 2004-இல் வந்த ரெயில்ஸ், பிஎச்பி உலகில் 2011-இல் வந்த லாரவெல், பைத்தான் உலகில் ஜாங்கோ. ஜாங்கோவின் பிறப்பு கொஞ்சம் விசித்திரம். பெரிய மென்பொருள் நிறுவனம் எதிலும் அது பிறக்கவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. அங்கே வெளிவரும் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் நாளிதழில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் அதைத் தொடங்கினார்கள். காலையில் ஆசிரியர் குழு ஒன்று கேட்டால் மாலைக்குள் இணையத்தில் இருக்கவேண்டும். பத்திரிகை அவசரம் அப்படி. 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டபோது ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். ஹோலவாட்டியே கிடார் வாசிப்பவர்.

ஆனால் அந்த ஜாங்கோவுக்கு முதல் சில ஆண்டுகள் சராசரி கேட்கத் தெரியாது. 2009-இல் வந்த 1.1 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. அதற்கு முன் இரண்டே வழிகள். எஸ்க்யூஎல்லைக் கையால் எழுதலாம். அல்லது பட்டியலில் உள்ள ஐம்பது புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அதன் மதிப்பீடுகளைக் கேட்டு வாங்கி, பைத்தானில் கூட்டி வகுக்கலாம். இரண்டாவது வழிக்கு நிரலர்கள் 'என் பிளஸ் ஒன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டியலுக்கு ஒரு கேள்வி, பிறகு புத்தகத்துக்கு ஒன்றாக ஐம்பது, ஆக 51. மளிகைச் சீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்கு நடந்துபோய் வருவதுதான் இது. ஐந்து புத்தகங்களை வைத்துச் சோதிக்கும்போது வித்தியாசமே தெரியாது. தளம் வளர்ந்து பக்கம் நொண்டும்போதுதான் தெரியும். சட்டகங்களில் இப்போது வசதி வந்துவிட்ட பிறகும் இந்த நடை ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது ஜாங்கோவில் நிரலர் எழுதுவது ஒரே வாக்கியம்: புத்தகங்களை எடு, ஒவ்வொன்றின் மேலும் அதன் மதிப்பீடுகளின் நட்சத்திரச் சராசரியை ஒட்டிக் கொடு. ஓர் அட்டவணையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதற்கு இரண்டு அடிக்கோடுகள் அடுத்தடுத்து. பாலம் அவ்வளவு சின்னது. சட்டகம் இதை எஸ்க்யூஎல்லாக்குகிறது. இரண்டு அட்டவணைகளையும் இணை, அதாவது ஜாயின். புத்தகவாரியாகக் குவி, அதாவது குரூப் பை. ஒவ்வொரு குவியலுக்கும் சராசரி எடு. 51 கேள்விகள் ஒன்றாகிவிட்டன.

தரவுத்தளத்துக்குள் என்ன நடக்கிறது? ஒரு புத்தகத்துக்குப் பத்து லட்சம் மதிப்பீடுகள் இருந்தாலும் அது பத்து லட்சம் எண்களை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. குவியலுக்கு இரண்டே எண்கள்: இதுவரை வந்த மொத்தம், இதுவரை வந்த எண்ணிக்கை. வரிகள் ஓடிவரும், மொத்தத்தில் கூட்டு, எண்ணிக்கையில் ஒன்று சேர், வரியைத் தூக்கிப் போடு. கடைசியில் ஒரே ஒரு வகுத்தல். ஜிம் கிரே என்ற கணினி அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் வெளியான கட்டுரையில் இந்த வகைக் கணக்குகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகையில் மொத்தம், எண்ணிக்கை, உச்சம் போன்றவை. பகுதிகளின் விடைகளை வைத்தே முழுமையின் விடையைச் சொல்லிவிடலாம். இரண்டாவது வகை சராசரி. அதன் விடையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் பின்னால் இருக்கும் அந்த இரண்டு எண்களை வைத்திருந்தால் போதும். மூன்றாவது வகையில் இடைநிலை எண், அதாவது வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் வருவது. அதைத் துல்லியமாகச் சொல்ல இப்படி இரண்டு மூன்று எண்களில் அடங்கும் சுருக்கம் கிடையாது. டியூரிங் பரிசு பெற்ற கிரே 2007 ஜனவரியில் தன் பாய்மரப் படகில் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கடலுக்குள் போனவர், திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் பங்கு போட்டுக்கொண்டு அலசியும் படகு கிடைக்கவில்லை.

சராசரி சேர்ந்த அந்த இரண்டாம் வகைக்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. ஒரு பதிப்பகத்தின் ஒரு புத்தகத்துக்கு ஒரே மதிப்பீடு, 5 நட்சத்திரம். இன்னொன்றுக்கு 99 மதிப்பீடுகள், எல்லாமே 3. பதிப்பகத்தின் சராசரி என்ன? இரண்டு சராசரிகளின் சராசரி எடுத்தால் 4. நூறு மதிப்பீடுகளையும் ஒன்றாகக் கொட்டினால் 302-ஐ நூறால் வகுக்கவேண்டும், 3.02. முதலாவதில் 'ஒன்று' என்பது புத்தகம், இரண்டாவதில் 'ஒன்று' என்பது வாசகர். இரண்டும் நேர்மையான எண்கள்தான். எது வேண்டும் என்று கேட்டவருக்கே பல சமயம் தெரிந்திருக்காது.

தெரியாமலே கேள்வி மாறிப்போவதுதான் ஆபத்து. ஒரு பதிப்பகத்துக்கு இரண்டே புத்தகங்கள்: ஒன்று 100 ரூபாய், மற்றது 400. சராசரி விலை 250, குழந்தையும் சொல்லும். இப்போது அதே பக்கத்தில் நட்சத்திரச் சராசரியும் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார். நிரலர் அதே கேள்வியில் இன்னொரு துண்டைச் சேர்க்கிறார். மதிப்பீட்டு அட்டவணையும் ஜாயினுக்குள் வருகிறது. 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஒன்பது மதிப்பீடுகள், 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஒன்று. இணைத்தபின் இருப்பவை பத்து வரிகள். ஒன்பதில் 100 என்றும் ஒன்றில் 400 என்றும் விலை எழுதியிருக்கும். சராசரி விலை 130. எந்தப் பிழைச் செய்தியும் வராது. சிவப்பு எழுத்து எதுவும் மின்னாது. ஒரு பக்கத்தில் நட்சத்திரம் சேர்த்ததால் விலை பாதியாக இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த 130 வெறும் குப்பை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது ஒரு கேள்விக்குச் சரியான விடை. மதிப்பீடு எழுதிய வாசகர்களை வரிசையாக நிறுத்தி, உங்கள் கையில் இருந்த புத்தகத்தின் விலை என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டால் கிடைக்கும் சராசரி அது. புள்ளியியலாளர்களுக்கு இது பழகிய முகம். ஒரு கல்லூரியில் இரண்டு வகுப்புகள், ஒன்றில் 90 பேர், மற்றதில் 10 பேர். வகுப்பின் சராசரி அளவு 50 என்று நிர்வாகம் அச்சடிக்கும். மாணவர்கள் நூறு பேரையும் 'உன் வகுப்பில் எத்தனை பேர்' என்று கேட்டு, விடைகளைக் கூட்டி வகுத்தால் 82 வரும். 90 என்று தொண்ணூறு பேர் சொல்வார்கள், 10 என்று பத்தே பேர்தான் சொல்வார்கள். நிர்வாகம் பொய் சொல்லவில்லை, மாணவர்களும் சொல்லவில்லை. 1991-இல் சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட், நம் நண்பர்களுக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பதாகத் தோன்றுவது ஏன் என்று ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். காரணம் இதேதான். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறார். மதிப்பீடு அதிகம் பெற்ற புத்தகமும் ஜாயினில் அப்படித்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஜாங்கோவின் ஆவணத்திலேயே இதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அங்கே காட்டும் உதாரணத்தில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், அது மூன்று கடைகளில் கிடைக்கிறது. இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரே கேள்வியில் கேட்டால் விடை ஆசிரியர்கள் 6, கடைகள் 6. இரண்டும் மூன்றும் பெருகிவிட்டன. இதையாவது கண்ணால் பிடித்துவிடலாம், ஆறு ஆசிரியர்கள் ஒரு நாவல் எழுதுவதில்லை. சராசரி இதைவிடக் கள்ளம். மூன்று கடைகளில் இருக்கும் ஒரு புத்தகத்தின் ஒவ்வொரு மதிப்பீடும் ஜாயினில் மும்மூன்று முறை வரும். மொத்தமும் மூன்று மடங்கு, எண்ணிக்கையும் மூன்று மடங்கு. வகுத்தால் பழைய விடையே வரும்! ஒரு புத்தகத்தை வைத்துச் சோதித்த நிரலர் சரியாக இருக்கிறதென்று நிம்மதியாகத் தூங்கப்போவார். வெவ்வேறு மடங்கில் பெருகும் பல புத்தகங்களைப் பதிப்பகவாரியாகக் குவிக்கும் நாளில்தான் எண் மெல்ல விலகும். அதுவும் நம்பும்படியான ஓர் எண்ணாகவே இருக்கும்.

எண்ணிக்கைக்கு மருந்தாக, ஒரே ஆள் பலமுறை வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணு என்று சொல்ல ஒரு வழி உண்டு. அதையே சராசரிக்கும் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். போடக்கூடாது. 100, 100, 400 என்று மூன்று புத்தகங்கள் இருந்தால் சராசரி 200. திரும்ப வரும் எண்ணை விடு என்றால், வேறு வேறு புத்தகங்களாக இருந்தும் விலை ஒன்றாக இருக்கிற பாவத்துக்கு ஒரு 100 காணாமல் போய் 250 வரும். சரியான சிகிச்சை உள்கேள்வி. முதலில் மதிப்பீடுகளின் கணக்கை மட்டும் தனியாக முடித்து, பதிப்பகத்துக்கு ஒரே எண்ணாகச் சுருக்கிக்கொண்டு, அதன்பிறகு கொண்டுவந்து ஒட்டவேண்டும். பெருகுவதற்கு வரியே இல்லாதபோது எதுவும் பெருகாது.

வடிகட்டும் இடமும் 'ஒன்று' எது என்பதை மாற்றும். இதற்கும் ஜாங்கோவின் அதே ஆவணத்தில் ஓர் உதாரணம் உண்டு. ஒரு பதிப்பகத்தின் இரண்டு புத்தகங்கள் 1, 4 என்று மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. முதலில் சராசரியை ஒட்டிவிட்டு, 3-க்கு மேல் வாங்கிய புத்தகம் உள்ள பதிப்பகங்களைப் பொறுக்கினால் அதன் சராசரி 2.5. முதலில் 3-க்கு மேற்பட்ட புத்தகங்களைப் பொறுக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் 4. நிரலில் இரண்டு துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை. தோற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தேர்ச்சி விகிதம் பேசுகிறவர்களை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

யாருமே மதிப்பிடாத புத்தகத்துக்கு என்ன சராசரி? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கவேண்டும்; கணிதம் கைவிரிக்கும். எஸ்க்யூஎல் இந்த இடத்தில் 'நல்' என்ற ஒன்றைத் தருகிறது. பூஜ்யத்தோடு இதைக் குழப்பக்கூடாது. தகவல் இல்லை என்ற குறி அது. மதிப்பு இல்லாமையை முறையாகக் கையாளவேண்டும் என்று காட் பிற்காலத்தில் விதியாகவே எழுதினார். ஏவிஜி நல்களைத் தாண்டிப் போய்விடும், மொத்தத்திலும் சேர்க்காது, எண்ணிக்கையிலும் சேர்க்காது. 2021 டிசம்பரில் வந்த ஜாங்கோ 4.0, விடை நல் என்றால் அதற்குப் பதில் எதை வைக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க இடம் கொடுத்தது. அங்கே அவசரத்தில் 0 என்று எழுதினால், நேற்று வெளியான நாவல் இன்று உலகின் மோசமான நாவலாகப் பட்டியலின் அடியில் கிடக்கும். எழுதாமல் விட்டாலும் ஒரு வேடிக்கை உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வரிசைப்படுத்தும்போது நல்லை எல்லா எண்ணையும்விடப் பெரியதாக வைக்கும். அதிக மதிப்பெண் முதலில் என்று கேட்டால் எவரும் தொடாத புத்தகங்கள் எல்லாம் உச்சியில் வந்து உட்காரும். மையெஸ்க்யூஎல் நேர்மாறு; அங்கே அவை கடைசியில். தளத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நாளில் முதல் பக்கம் தலைகீழாகும்.

ஒரே ஒரு மதிப்பீடு இருந்தால்? ஆசிரியரின் மைத்துனர் 5 போட்டுவிட்டால் அந்தப் புத்தகம், இருநூறு பேர் படித்து 4.6 கொடுத்ததை முந்திவிடும். இதற்குத் திரைப்படத் தளமான ஐஎம்டிபி தன் முதல் 250 படங்களின் பட்டியலுக்குப் பல ஆண்டுகள் வெளிப்படையாக ஒரு சூத்திரம் வைத்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கற்பனை ஓட்டுகள், எல்லாமே ஒட்டுமொத்தச் சராசரியை ஒட்டியவை, முன்கூட்டியே விழுந்ததாக வைத்துக்கொள்வது. அந்தப் பட்டியலில் அந்த எண்ணிக்கை 25,000 வரை போயிருக்கிறது. நம் புத்தகத் தளத்துக்குப் பத்து போதும். ஒட்டுமொத்தச் சராசரி 3.8 என்றால், மைத்துனரின் ஒற்றை 5 அந்தப் பத்துக்குள் கரைந்து 3.91 ஆகும். இருநூறு பேரின் 4.6 கொஞ்சம்தான் தேய்ந்து 4.56-இல் நிற்கும். மொத்தமும் எண்ணிக்கையும் கையில் இருந்தால் இதெல்லாம் ஒரு வரிக் கூட்டல். சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

தளம் பெரிதாகி மதிப்பீடுகள் கோடிகளைத் தொடும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவது கட்டுப்படியாகாது. அப்போது எட்கர் காட்டின் ஒழுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி எதையாவது எழுதி வைத்தே ஆகவேண்டும். எழுதி வைக்கவேண்டியது 4.3-ஐ அல்ல என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்: மொத்தம் 430, எண்ணிக்கை 100. புதிதாக ஒருவர் கோபத்தில் 1 போட்டால் 431, 101. சராசரி 4.27-க்கு இறங்கும், திரையில் அதே 4.3 தெரியும். பத்தாயிரம் பேருக்குப் பிறகு வரும் கோபக்காரரால் மூன்றாவது தசம இலக்கத்தைக்கூட ஒழுங்காக அசைக்க முடியாது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. இரண்டு வாசகர்கள் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். இரண்டு சர்வர்களும் 430 என்று படிக்கின்றன, தத்தமது நட்சத்திரத்தைக் கூட்டுகின்றன, திருப்பி எழுதுகின்றன. பிந்தி எழுதியது முந்தியதை அழித்துவிடும். ஒரு வாசகர் காற்றில் போனார். ஆகவே எண்ணைப் படித்து, கூட்டி, எழுதாமல், 'இப்போது இருப்பதோடு 5 சேர்த்துக்கொள்' என்று தரவுத்தளத்திடமே சொல்லிவிடவேண்டும். ஜாங்கோவில் இதற்கு எஃப் என்ற ஓரெழுத்துக் கருவி இருக்கிறது.

மதிப்பீட்டை ஒருவர் திரும்பப் பெற்றால் மொத்தத்தில் கழித்து, எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் தீர்ந்தது. 2 போட்டவர் மனம் மாறி 5 ஆக்கினால் மொத்தத்தில் 3 சேரும், எண்ணிக்கை அப்படியே நிற்கும். உச்ச மதிப்பெண்ணை இப்படி எழுதி வைத்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. உச்சத்தைக் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றுவிட்டால் மிச்சமுள்ள எல்லா வரிகளையும் மறுபடி புரட்டவேண்டும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் எழுதி வைத்த எண்கள் நாளடைவில் எங்காவது ஒன்றிரண்டு பிசகும். அதனால் தளத்தில் கூட்டம் குறையும் பின்னிரவில் ஒரு நிரலை ஓடவிட்டு மூல மதிப்பீடுகளை முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பது வழக்கம். இரண்டும் பொருந்தாவிட்டால் எழுதி வைத்ததை அழித்துவிட்டு, கூட்டி வந்ததைப் போடுவார்கள்.